எண்ணப்பட்டோரும் விடுபட்டோரும்

(நமது பங்கின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டு வரலாற்றைப் பற்றிச் சிறிது பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கோவில் எழுந்த கதையை என்னைவிட நன்றாக அறிந்த பெரியவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். குழுக் கூட்டத்தில் ஒரு முதியவர் எழுப்பிய கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். "மெட்ராஸ் பெருத்துக்கிட்டே போகுதுன்னு சொல்றாங்க. நம்ம கோவில்ல மட்டும் ஏன் சாமி ஆள் குறையுது?" என்று அவர் கேட்டார். அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. "விசுவாசம் குறைந்துவிட்டது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். குருக்களாகிய எங்களுக்கு அது எளிது. ஆனால் மனம் ஒப்பவில்லை. அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு சில இரவுகள் உட்கார்ந்தேன். அங்கே கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எண் என்றால் அலுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடும் ஓர் அடுப்பும் இருக்கின்றன.

சென்னையில் 1871-இல் எடுத்த கணக்கின்படி இருந்தவர்கள் 3,97,552 பேர். பத்து ஆண்டு கழித்து 1881-இல் 4,05,848 பேர். பத்து ஆண்டில் கூடியவர்கள் எட்டாயிரம் பேர்தாம். காரணம் என்ன? அந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில்தான் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. பஞ்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப்படாத அட்டவணையிலும் பஞ்சத்தின் தழும்பு தெரிகிறது. 1921-இல் மக்கள்தொகை 5,26,911. முந்தைய பத்தாண்டில் கூடியது இங்கும் எட்டாயிரம் பேர்தாம். 1918-இல் வந்த விஷக் காய்ச்சலை நம் பாட்டன்மார் அறிவார்கள்.

பிறகு 1941-இல் 7,77,481 ஆக இருந்தது, 1951-இல் 14,16,056 ஆகிறது. பத்து ஆண்டில் ஏறக்குறைய இரு மடங்கு! பிழைப்பைத் தேடி வந்தவர்கள் ஏராளம் என்பது உண்மையே. ஆனால் முழுக் காரணம் அதுவன்று. 1946-இல் நகர எல்லை விரிக்கப்பட்டு, சைதாப்பேட்டை முதலான பகுதிகள் நகரத்திற்குள் சேர்க்கப்பட்டன. அங்கே இருந்த மக்கள் தங்கள் வீட்டுத் திண்ணையை விட்டு நகரவில்லை. நகரந்தான் அவர்களைத் தேடிச் சென்றது. 1978-இல் திருவான்மியூர், வேளச்சேரி போன்ற பகுதிகள் சேர்ந்தன. 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, 176 சதுர கிலோமீட்டர் நகரம் 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. ஆகவே "சென்னையில் எத்தனை பேர்?" என்று யாராவது கேட்டால், "எந்தச் சென்னை?" என்று திருப்பிக் கேளுங்கள். அதே 2011 கணக்கில் பழைய எல்லைக்குள் 46,46,732 பேர். புதிய எல்லைக்குள் ஏறத்தாழ 67 இலட்சம். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த பெருநகரப் பரப்பில் 86 இலட்சத்துக்கும் மேல். மூன்றும் மெய்தான். மூன்றும் ஒன்றல்ல.

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். நம் பங்கு பழைய எல்லைக்குள் இருக்கிறது. இந்தப் பங்கு தோன்றிய காலத்தை ஒட்டி, 1971-இல் நகர மக்கள் ஏறத்தாழ 25 இலட்சம். 1981-இல் 32 இலட்சத்தைத் தாண்டியது. 1991-இல் 38 இலட்சம், 2001-இல் 43 இலட்சம். அதற்குப் பின் பாருங்கள். 2001 முதல் 2011 வரை, தமிழ்நாடு முழுவதும் மக்கள் 15.6 விழுக்காடு கூடினார்கள். தலைநகரமாகிய சென்னை மாவட்டம் கூடியது 7 விழுக்காடுதான். மாநிலத்தின் வேகத்தில் பாதிகூட இல்லை! அதே காலத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 விழுக்காடும், திருவள்ளூர் மாவட்டம் 35 விழுக்காடும் கூடின. தலைக்கணக்காகச் சொன்னால், சென்னையில் கூடியவர்கள் 3 இலட்சம். அந்த இரண்டு மாவட்டங்களில் கூடியவர்கள் ஏறத்தாழ 21 இலட்சம்.

இன்னும் ஒரு கணக்கு. அக்காலத்தில் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 16 பிறப்பு, ஏழு எட்டு இறப்பு. பிறப்பில் இறப்பைக் கழித்தாலே பத்து ஆண்டில் எட்டு ஒன்பது விழுக்காடு கூட வேண்டும். கூடியது 7 விழுக்காடு என்றால், பழைய சென்னைக்குள் வந்து குடியேறியவர்களைவிட அதை விட்டு வெளியேறியவர்கள் அதிகம் என்று கொள்ள இடமிருக்கிறது.

ஆக, ஐயா, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். மெட்ராஸ் பெருத்தது மெய். ஆனால் நாம் இருக்கும் இடத்தில் பெருக்கவில்லை. நம் குடும்பப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பழைய அட்டைகளில் தாத்தா, பாட்டி, விதவை அத்தை, ஆறு பிள்ளைகள் என்று பக்கம் நிறைந்திருக்கும். இன்றைய அட்டையில் மூன்று பெயர், நான்கு பெயர். 2011 கணக்கிலும் சென்னையில் ஒரு வீட்டுக்குச் சராசரி நான்கு பேர்தான். ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. வளர்ந்த பிள்ளைகள் எங்கே? வாடகை கட்டுப்படியாகும் இடத்திற்கும், வேலை இருக்கும் இடத்திற்கும் போய்விட்டார்கள். தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறந்ததும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் எழுந்தன. திருப்பெரும்புதூர்ப் பக்கம் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்தன. நம் பங்கில் நற்கருணை வாங்கி வளர்ந்த பிள்ளை இன்று ஊரப்பாக்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இருக்கிறான். அவன் தொலைந்து போகவில்லை. வேறொரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறான்.

விரும்பிப் போனவர்களைச் சொன்னேன். விரும்பாமல் அனுப்பப்பட்டவர்களும் உண்டு. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை, 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும், அதன்பின் பெரும்பாக்கத்து எட்டு அடுக்குக் கட்டடங்களுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அந்தப் போக்குவரத்து இன்னும் வேகமாயிற்று. இங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. கடைசியாக இந்நாட்டில் தலை எண்ணியது 2011-இல். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு, கொரோனாத் தொற்றினால் தள்ளிப்போயிற்று. ஆகவே, 2015-க்குப் பின் பெரும்பாக்கத்திற்குப் போன குடும்பம், அரசாங்கப் புத்தகத்தில் இன்னும் ஆற்றங்கரையில்தான் குடியிருக்கிறது. இடிக்கப்பட்ட குடிசையில் ஆள் இருப்பதாகக் கணக்கு. ஆள் இருக்கும் அடுக்கு வீட்டுக்குக் கணக்கு இல்லை.

"கணக்கில் எங்கே இருந்தால் என்ன சாமி?" என்று கேட்கலாம். எத்தனை பேருக்குப் பள்ளிக்கூடம், எத்தனை பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையம், எந்தத் தொகுதிக்கு எல்லை எங்கே என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் திட்டமிடப்படுகின்றன. 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாநிலங்களுக்கு மானிய தானியம் ஒதுக்குவதும் 2011 கணக்கை வைத்துத்தான். எண்ணப்படாதவன் பசிக்கமாட்டான் என்று புத்தகம் எடுத்துக்கொள்கிறது.

போனவர்களைச் சொன்னேன். வந்தவர்கள் யார்? பிறந்த இடம் எது என்று கணக்கில் தொடக்க நாள் தொட்டே கேட்டு வருகிறார்கள். 1971-இல் "இதற்கு முன் வசித்த இடம் எது?" என்ற கேள்வியைச் சேர்த்தார்கள். 1981-இல் "ஏன் வந்தீர்கள்?" என்றும் கேட்டார்கள். ஆண்களில் பெரும்பாலோர் வேலைக்கு என்பார்கள். பெண்களில் பெரும்பாலோர் கல்யாணம் ஆகி வந்தேன் என்பார்கள். 2001-இல் சென்னையில் 1000 ஆண்களுக்கு 957 பெண்கள். 2011-இல் 989 பெண்கள். தனி ஆளாக வந்து மேன்ஷனில் தங்கிய காலம் போய், குடும்பமாக வாழும் நகரமாகவும், பெண்கள் தாங்களே வேலைக்கு வரும் நகரமாகவும் இது மாறி வருவதை இந்த எண்ணில் காண்கிறேன். தாய்மொழியைப் பார்த்தால், ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேர் தமிழர். அடுத்து தெலுங்கர், உருது பேசுவோர். இவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். பல தலைமுறைகளாக நம்மோடு இருப்பவர்கள். கிறிஸ்தவர்களாகிய நாம் 2011-இல் 7.72 விழுக்காடு. 2001-இலும் ஏறக்குறைய இதே அளவுதான். பெருகிவிட்டோம் என்று பேசுவோரும், அழிந்துவிட்டோம் என்று புலம்புவோரும் இந்த எண்ணைப் பார்த்து அமைதி கொள்ளலாம்.

ஆனால் 2011-க்குப் பின் வந்தவர்கள்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, நம் தெருவில் எழும் அடுக்குமாடிக் கட்டடத்தில் சிமெண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் தூங்கும் வாலிபர்கள்? அவர்களை இன்னும் ஒருவரும் எண்ணவில்லை.

இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். 2011 பிப்ரவரியில் நான் வேறொரு பங்கில் இருந்தேன். கணக்கெடுக்க ஓர் ஆசிரியை வந்தார். பள்ளிக்கூடம் முடித்து, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "இந்த வீட்டில் எத்தனை பேர் ஃபாதர்?" என்றார். "நானும் துணைக் குருவும், இரண்டு பேர்" என்றேன். அவர் கையில் நான் கொடுத்த காப்பி இருந்தது. "காப்பி போட்டது யார்?" என்று கேட்டார். எங்கள் சமையற்காரர். பதினோரு ஆண்டுகளாகப் பின்கட்டு அறையில் தூங்கி எழுகிறவர். "அவர் தெற்கத்திக்காரர் அம்மா, ஊரிலே எழுதியிருப்பார்கள்" என்றேன். "ஊரிலே அவருக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார் ஆசிரியை. எனக்குத் தெரியவில்லை. அவரையே கூப்பிட்டுக் கேட்டோம். ஒருவரும் இல்லை, வீடும் விழுந்துவிட்டது. ஆசிரியை ஒரு சொல்லும் சொல்லாமல் மூன்றாவது வரியில் அவர் பெயரை எழுதினார். வயது கேட்டார். அறுபதா அறுபத்தைந்தா என்று அவருக்கே நிச்சயமில்லை. தம் பெயர் எழுதப்படுவதைக் கையைக் கட்டிக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் பீடத்தில் நின்று சகோதரத்துவத்தைப் பிரசங்கித்த நான், என் கூரையின் கீழ் இருந்தவரை எண்ண மறந்தேன். அந்த ஆசிரியை மறக்கவில்லை.

அன்பர்களே, தாவீது அரசர் எண்ணியது வாளேந்தும் ஆண்களை. தம் பலத்தை அறிவதற்காக. பெத்லகேமிலோ, சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்திற்கும் குடிக்கணக்கில் இடம் இருந்தது. எண்ணுவதில் இந்த இரண்டு வகை உண்டு. நம் வகை எது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படை நாளாக அரசு அறிவித்திருக்கிறது. அதற்கு முன்னதாக 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீடுகளைப் பட்டியலிடும் காலம். இது தொடர்பாக நான் உங்களிடம் கேட்பது மிகச் சிறியது. உங்கள் வீட்டில் தங்கி வேலை செய்யும் பெண்ணையும், மாடியறையில் வாடகைக்கு இருக்கும் மாணவனையும் கணக்கெடுப்பவரிடம் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கு விடுதி நடத்துவோர் ஒரு பெயரும் விடாமல் சொல்லுங்கள். கட்டட வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகள் காகிதத்தைக் கண்டாலே மிரளுவார்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே சொல்லும் தனி விவரம் இரகசியம் என்றும், நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாகக் காட்டமுடியாது என்றும் இந்தி தெரிந்த நம் இளைஞர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். வீடற்றவர்களை ஒரே இரவில் எண்ணும் வழக்கம் உண்டு. 2011-இல் அது பிப்ரவரி 28 இரவு. நம் கோவில் மதில் ஓரம் படுப்பவர்கள் எங்கே இருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். எண்ண வருகிறவருக்கு விளக்குப் பிடித்து வழிகாட்ட இரண்டு பேர் போதும்.

கடைசியாக ஒன்று. விழா மலரில் அச்சிடப் பங்குக் குடும்பங்களின் பட்டியல் தயாராகி வருகிறது. நேற்று அதைப் படித்தேன். சந்தா கட்டிய குடும்பங்கள் எல்லாம் இருக்கின்றன. கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் பெயர் இல்லை. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி இன்னும் ஞாயிறுதோறும் இங்கே பூசைக்கு வரும் குடும்பங்களின் பெயரும் இல்லை. அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. விடுபட்ட பெயர்களை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்கள். மலர் இரண்டு பக்கம் பெருத்தாலும் பரவாயில்லை.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.