குழாய் இரண்டு, காத்திருப்போர் முப்பது
(ஆஸ்பத்திரி ஊழியர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



எண்டாஸ்கோப்பி அறையில் வேலை செய்யும் நாங்கள் இங்கே கணக்குச் சொல்ல எழுந்து நிற்கிறோம்.

காலை 7 மணிக்கே எங்கள் அறை வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் நாள் இரவு சாப்பிட்டதோடு சரி. பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. துணைக்கு வந்தவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். பகல் 1 மணிக்கு இவர்களில் இருபது பேரிடம் "நாளைக்கு வாங்க" என்கிறோம். ஏச்சு வாங்குவதும் நாங்களே!

டாக்டர் சோம்பேறியா? இல்லை. இரைப்பையைப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் வெளியே எடுத்த குழாயை அப்படியே அடுத்தவர் வாயில் விட முடியுமா? உள் துவாரங்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடு கரைசலில் 20 நிமிஷம் ஊறவைத்து, அலசி, உலர்த்த வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இருப்பது இரண்டே குழாய். 8 மணி முதல் 1 மணி வரை பத்துப் பேர். இரத்த வாந்தியோடு ஒருவர் வந்துவிட்டால் அவருக்குத்தான் முதலிடம், அதில் தகராறில்லை. முப்பது பேரை வரச் சொன்னது எந்தக் கணக்கு?

ஊறவைப்பதைக் குறையுங்கள் என்கிறார்கள். மாட்டோம்! ஒருவரின் மஞ்சள் காமாலைக் கிருமியை இன்னொருவருக்குக் கொடுத்து வரிசையைக் குறைக்கச் சம்மதியோம்.

சோறு இறங்கவில்லை, கஞ்சிதான் இறங்குகிறது என்று வந்த ஒரு விவசாயத் தொழிலாளியை மூன்று முறை திருப்பி அனுப்பினோம். நான்காம் முறை வந்தபோது கஞ்சியும் இறங்கவில்லை. உணவுக்குழாயில் கட்டி. என்ன தொந்தரவு என்று முதல் நாளே கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

ஆகவே விழுங்க முடியாதவர், கறுப்பாக மலம் போகிறவர், காரணமின்றி மெலிகிறவர் ஆகியோருக்கு டோக்கன் வரிசை வேண்டாம். அவர்களை முன்னே அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளைக் காலையிலேயே பாருங்கள். மற்றவர்களுக்குத் தேதியோடு மணியையும் எழுதிக் கொடுங்கள். 12 மணிக்காரர் காலை 6 மணிக்குள் இரண்டு இட்லி சாப்பிடலாம், 10 மணி வரை தண்ணீர் குடிக்கலாம். அவரை ஏன் இரவிலிருந்து பட்டினி போடவேண்டும்?

பத்துப் பேருக்கே தேதி கொடுத்தால் வரிசை வாரக்கணக்கில் நீளுமே என்பீர்கள். நீளும். இன்று அந்த வரிசை வராந்தாவில் மறைந்து கிடக்கிறது, ரிஜிஸ்தரில் ஏறட்டும். இன்னும் இரண்டு குழாய், கழுவ இரண்டு ஆள், பிற்பகலில் ஒரு ஷிப்டு கேட்க அதுவே நமக்கு ஆதாரம்.

மனு தயார். காத்திருப்போரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நாளைக் காலை சூப்பிரண்டிடம் கொடுக்கிறோம்; டூட்டி இல்லாதவர்கள் எல்லோரும் உடன் வாருங்கள்.