வாய்ப்பூட்டும் புத்தூர்க் கட்டும்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதையில், திருத்தணியைக் கடந்தபின் வருவது புத்தூர். 1960இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எனினும் ‘புத்தூர்க் கட்டு’ என்னும் பெயருக்கு எல்லைக்கோடு ஏது? பச்சிலையும் முட்டை வெண்கருவும் மூங்கில் பத்தையும் துணியும் கொண்டு எலும்பு முறிவைக் கட்டும் அம்முறையின் புகழ், தமிழர் குடியேறிய ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றுள்ளது.

இப்புகழால் விளையும் மயக்கம் ஒன்றும் உண்டு. வாய் திறக்க வரவில்லையெனில், “தாடை பிசகிவிட்டது, கட்டுப் போட்டால் சரியாகும்” என்று நாம் எண்ணிவிடுகிறோம். முறிந்த கைக்கும் காலுக்கும் வேண்டுவது அசையாமை. தாடை மூட்டின் இயல்போ வேறு. குழந்தை மோவாய் அடிபட விழுகிறது. வெளிக்காயத்துக்குத் தையல் போட்டு மறந்துவிடுகிறோம். காதுக்கு முன்னுள்ள மூட்டு உள்ளே முறிந்திருக்கக்கூடும். அதை நெடுநாள் அசையாது வைத்தால், தாடையெலும்பு மண்டையோட்டோடு ஒட்டி வளர்ந்துவிடலாம். பின்னர் வாய் திறவாது. மோவாய் வளர்ச்சி குன்றும். உறக்கத்தில் மூச்சும் தடைப்படும். அந்நிலையில் அறுவை மருத்துவர் ஒட்டிய எலும்பை வெட்டி, இடையே தசையை வைத்துப் பிரிக்க வேண்டியதாகிறது. ஆகவே மோவாயில் அடிபட்ட குழந்தைக்குத் தாடையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவதே முறை.

அடிபடாமலே வாய் இறுகுவோர் நம்மிடையே மிகுதி. அதன் காரணம் பாக்கு. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்னும் மருத்துவர் இந்நோயை முதன்முதல் விவரித்தது, கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம்! கடல் கடந்தும் நம்மவர் பாக்கை விடவில்லை என்க. அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி என்பவர் இதனை எழுதினார். முதலில் காரம் பட்டால் வாய் எரியும்; பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் போல் தடிக்கும். வெற்றிலையைக் காட்டிலும் பொட்டலங்களில் விற்கும் பான் மசாலாவும் குட்காவும் இதனை விரைவில் கொணர்கின்றன. புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் உரைத்தது.

சோதனை எளிது. நம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே செங்குத்தாக நுழைத்துப் பார்க்கலாம். இரண்டே நுழையுமாயின் பல் மருத்துவரிடம் செல்லவேண்டும். பாக்கை அறவே நிறுத்துவதே சிகிச்சையின் முதற்படி. அதன்பின் கன்னத்தில் ஊசிமருந்து, நாள்தோறும் வாய்ப்பயிற்சி. முற்றிய நிலையில் அறுவை. தடித்த நார் முழுதும் மறைவது அரிது. மேலும் இறுகாமல் தடுக்கலாம். புண் ஆறாதிருப்பின் தசைத்துண்டு எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடலாகாது.

ஞானப்பல் சீழ்பிடித்தாலும் வாய் பூட்டிக்கொள்ளும். சீழ் நீங்கினால் பெரும்பாலும் தானே திறக்கும். காயம்பட்ட சில நாளில் தாடையும் கழுத்தும் இறுகினால் ரண ஜன்னியோ என ஐயுற்று, அன்றே பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஐஸ்கிரீம் குச்சி போன்ற தட்டையான மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, சில நாளுக்கொருமுறை ஒரு குச்சி கூட்டுவர். எத்தனை குச்சி, எத்தனை நிமிடம் என்பதை மருத்துவரே வகுத்துத் தருவார். அறுவைக்குப் பின்னும் இதனைப் பல மாதங்கள் விடாது செய்ய வேண்டும். விட்டவர்க்கு வாய் மீண்டும் இறுகுகிறது.