மாதிரி ரயிலில் ஒரு பொறியியல் பாடம்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"மோட்டார் கன்ட்ரோல் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். தொழிற்சாலை டிரைவ்களைப் பற்றிப் பேசினால், சாப்பாடு முடிந்த இந்த நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் மாதிரி ரயிலைப் பற்றிப் பேசுகிறேன். பொம்மைதானே என்று சிரிக்காதீர்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரியவர்களே ஆயுள் முழுக்க ஈடுபடும் கலை இது. 'ஹெச்.ஓ.' அளவு என்றால் அசலில் 87-ல் ஒரு பங்கு.

அசல் ரயிலில் டிரைவர் பவரை நிறுத்தினாலும் வண்டி கிலோமீட்டர் கணக்கில் உருண்டு ஓடும். இதைத்தான் 'கோஸ்டிங்' என்கிறோம். சாதாரண மாதிரி ரயிலோ கரண்ட் நின்றதும் டக்கென்று நின்றுவிடும். ஏன்?

சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 87 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 8.7 கி.மீ. உருளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியின் வேகம் மணிக்கு 1 கி.மீ.; அது 100 மீட்டர் உருண்டால்தான் அசல் போலத் தெரியும். ஆனால் உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உராய்வுக் கெழு மாறவில்லை என்றாலும் கிடைப்பது சுமார் 1.15 மீட்டர்தான். வண்டியைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாதே! அந்த ஒரு மீட்டரும் கைக்கு வராது. நடுவில் வார்ம் கியர் இருக்கிறது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் மோட்டாரைச் சுற்றாது. மோட்டார் நின்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. முதலாவது, மோட்டார் ஷாஃப்டில் ஒரு பித்தளை ஃப்ளைவீல். அந்தப் பக்கம் வேகமாகச் சுற்றுவதால் சின்ன ஃப்ளைவீலே கணிசமான ஆற்றலைச் சேமிக்கும்.

இரண்டாவது, எலக்ட்ரானிக்ஸ். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவன முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. 1990-களில் 'டி.சி.சி.' முறையைத் தரப்படுத்தியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். கட்டளையும் அதிலேயே வரும். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் அதைப் படித்து, ஹெச்-பிரிட்ஜ் வழியாக மோட்டாருக்குப் பல்ஸ் பல்ஸாகக் கரண்ட் கொடுக்கும். சி.வி.3-ல் எழுதும் எண் வேகம் கூடும் நேரத்தையும், சி.வி.4-ல் எழுதுவது குறையும் நேரத்தையும் தீர்மானிக்கும். நாம் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் டிகோடர் படிப்படியாகத்தான் வேகத்தைக் குறைக்கும்.

வண்டி உண்மையில் என்ன வேகத்தில் போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பல்ஸ்களுக்கு நடுவே ஒரு கணம் கரண்டை நிறுத்தும். அப்போது மோட்டாரே ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. அந்த பேக் ஈ.எம்.எஃப். வேகத்துக்கு நேர்விகிதம். நம்ம மெஷின்ஸ் லேப் பாடம்தான், தனி சென்சார் வேண்டாம்!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது கோஸ்டிங் இல்லை. கரண்ட் கொடுத்து ஓட்டிக்கொண்டே கோஸ்டிங் போல நடிப்பது. தண்டவாளத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்து சப்ளை விட்டுப்போனால் டிகோடரின் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். அப்போது அழுக்கைத் தாண்டி வண்டியை இழுத்துப்போவது அந்தப் பித்தளைத் துண்டு. அல்லது கப்பாசிட்டரில் சேர்த்துவைத்த கொஞ்சம் சார்ஜ். புரோகிராமில் எழுதிய இனர்ஷியா கரண்ட் இருக்கும்வரைதான். இரும்பிலும் பித்தளையிலும் இருப்பது கரண்ட் போன பிறகும் இருக்கும்.

"அதெல்லாம் சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாம் சார்" என்று சொல்லும் தம்பிகளை இன்டர்வியூக்களில் நிறையப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "கரண்ட் போனா என்னப்பா ஆகும்?" லிஃப்ட் பிரேக்கைப் பாருங்கள். பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் கரண்ட். சப்ளை போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே நிற்பவரின் உயிரை எந்தப் புரோகிராமையும் நம்பி அங்கே விடவில்லை.

ஆகவே மாணவர்களே, மெக்கானிகல், எலக்ட்ரிகல், கம்ப்யூட்டர் என்ற சுவர்கள் கட்டடத்தோடு இருக்கட்டும். உங்கள் டிசைனுக்குள் வேண்டாம். அடுத்த டிபார்ட்மென்ட் லேபுக்கும் போய்ப் பாருங்கள்.