மறந்துவிட்டேன் என்ற பதில்



நீரிழிவுக்கான கைபேசிச் செயலிகள் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். சர்க்கரை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

செயலிகள் ஏமாற்று வேலை என்று சொல்ல நான் வரவில்லை. சாப்பிட்டதையும் நடந்ததையும் நாமே குறித்து, அதற்கு உடனே பதில் வரும்போது பழக்கம் மாறத்தான் செய்கிறது. 2016இல் 14 பரிசோதனைகளைத் தொகுத்த ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களின் மூன்று மாதச் சராசரி அளவான ஹெச்பிஏ1சி சுமார் அரைப் புள்ளி குறைந்திருந்தது. வெறும் குறுஞ்செய்திக்கே பலன் உண்டு. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 பேரை இரண்டாண்டுகள் கவனித்தார்கள். குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, பெறாதவர்களில் 27. நல்ல ஆய்வு. ஆனால் 537 பேரும் ஆண்கள்.

அம்மாவின் கைபேசியில் நானே ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தேன். அதன் உணவுப் பட்டியலில் இட்லி பல வகையில் இருந்தது, மாட்டுக்கறிக் குழம்பு இல்லை. தினமும் 10,000 அடி நடக்கச் சொன்னது. வண்டி தள்ளும்போது அம்மா கைபேசியை எடுத்துப் போவதில்லை. அதனால் அதன் கணக்கில் அவர் சோம்பேறி. இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம்.

மாத்திரையில்தான் மாட்டிக்கொண்டேன். காலை மாத்திரையை அம்மா அடிக்கடி தவறவிட்டார். ஏன் என்று செயலி கேட்கும். மறந்துவிட்டேன், தீர்ந்துவிட்டது, விருப்பமில்லை: மூன்றே பதில்கள். அம்மா தினமும் முதலாவதை அழுத்தினார். நான் நினைவூட்டும் மணியை இரண்டிலிருந்து நான்காக்கினேன், திட்டவும் செய்தேன். ஒருநாள் சொன்னார்:

"அதப் போட்டா வயித்தக் கலக்குதுப்பா. அஞ்சு மணிக்குத் தெருவுல நிக்கிறேன். எங்க போவேன்?"

மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. நானே பலமுறை எழுதியிருக்கிறேன். அம்மாவின் தெருக்களில் கழிப்பறை இல்லை. அதனால் தண்ணீரும் குடிப்பதில்லை. மருத்துவரிடம் சொன்னதும், மெதுவாகக் கரையும் மாத்திரையாக இரவுச் சாப்பாட்டோடு மாற்றிக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை.

என் ஆய்வில் 'மறதி' என்று நான் குறித்து வைத்திருக்கும் பெண்களிடம் இப்போது திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன். கேள்வித்தாளில் 'வேலையிடத்தில் கழிப்பறை உண்டா?' என்று சேர்த்தேன். இது நடத்தை மாற்றத்தில் வராதே என்றார் நெறியாளர். அந்தக் கேள்வியை நான் எடுக்கவில்லை.