ஒரு தோற்சட்டையைத் திருத்திய கதை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மூலமும் நகலும்' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். தலைப்பைக் கேட்டதும் பலர் தொல்காப்பிய மரபியலை எதிர்பார்த்திருப்பீர்கள். முதல்நூல், வழிநூல் என்று அது வகுத்த பாகுபாட்டையும், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலுக்கு அது கூறும் நான்கு வகைகளையும் என்னிலும் நன்றாக அறிந்தவர்கள் இவ்வவையில் இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொரு வழியால் வருகிறேன். சென்ற குளிர்காலத்தில் நான் வாங்கிய ஒரு தோற்சட்டையைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். இறுதியில் கவிதைக்கு வந்து சேர்வேன் என்று உறுதி கூறுகிறேன்.

1981இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கத்தில் 'ரெய்டர்ஸ் ஒஃப் த லொஸ்ற் ஆர்க்' என்ற திரைப்படம் வெளிவந்தது. அதில் இந்தியானா ஜோன்ஸ் என்னும் தொல்லியலாளராக நடித்த ஹாரிசன் ஃபோர்ட் அணிந்திருந்த கபிலநிறத் தோற்சட்டையை உங்களிற் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். முன்புறம் சிப், அதை மூடும் ஒரு பட்டி, மூடியுடன் கூடிய இரண்டு பைகள், இடுப்பின் இருபுறமும் இழுத்து இறுக்கும் வார்கள், கையை வீசும்போது விரிந்து கொடுப்பதற்காக முதுகில் இரண்டு மடிப்புகள். இவ்வளவுதான் அதன் அமைப்பு. இன்று அதன் நகல்களைத் தைத்து விற்பதே தொழிலாகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். எந்தப் பாகத்தில் வந்த சட்டை வேண்டும், செம்மறிக்குட்டித் தோலா மாட்டுத்தோலா, பையின் உயரம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டுத் தைத்துக் கொடுக்கிறார்கள்.

அந்த மூலச் சட்டையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்கு வியப்புக் காத்திருந்தது. ஆடை வடிவமைப்பாளர் டெபோரா நாடூல்மன் அதை வெறுமையிலிருந்து படைக்கவில்லை. 1954இல் வெளிவந்த 'சீக்ரெட் ஒஃப் தி இன்காஸ்' என்ற படத்தில் சார்ல்டன் ஹெஸ்டன் தோற்சட்டையும் தொப்பியும் அணிந்து பெரு நாட்டின் இடிபாடுகளில் புதையல் தேடுகிறார். அப்படத்தைத் தம் குழுவினர் பலமுறை பார்த்ததாக நாடூல்மன் பிற்காலத்தில் ஒளிக்காமற் கூறியிருக்கிறார். மேலும், மூலச் சட்டை என்பது ஒன்றன்று. ஓடவும் விழவும் பதிலாள் அணியவும் ஒரே மாதிரிச் சட்டைகள் பல தைக்கப்பட்டன. புதிதாகத் தைத்த அவற்றை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மண்ணிலும் உழைத்தவைபோற் காட்டுவதற்காக, நடிகரின் பேனாக்கத்தியாலும் கம்பித் தூரிகையாலும் சுரண்டித் தேய்த்தார் அவர். 1989இல் வந்த மூன்றாம் படத்தின் சட்டையும் தொப்பியும் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூலம் என்று நாம் கைகூப்பும் பொருளுக்கும் முன்னோர் உண்டு. அதன் முதுமையும் கையால் ஊட்டப்பட்டது.

ஐம்பத்தெட்டு வயதில் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. விடை கண்டியில் இருக்கிறது.

இரண்டாம் படமான 'டெம்பிள் ஒஃப் டூ'மின் கதை இந்தியாவில் நடப்பது. அங்கே படப்பிடிப்புக்குக் கதையில் மாற்றங்கள் கோரப்பட்டதால் குழுவினர் இலங்கைக்கு வந்தார்கள். 1983 ஏப்ரல் மாதத்தில் கண்டியைச் சுற்றிப் படமெடுத்தார்கள். விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த இடத்தருகே, படத்தில் வரும் அந்தத் தொங்குபாலத்தைக் கட்டினார்கள். என் தந்தையார் கண்டி நகரில் ஒரு சிறு தையற்கடை வைத்திருந்தார். கடைக்கு வந்தவர்களெல்லாம் வெள்ளைக்காரர்களையும் யானைகளையும் பற்றியே பேசினார்கள். பதினாறு வயதுப் பையனாகிய எனக்கு நேரிற் பார்க்கக் கிடைக்கவில்லை. "படம் வரட்டும், பார்ப்பம். அந்தத் தோற்சட்டையை ஒருக்கால் கிட்ட வைத்துப் பார்த்தால் வெட்டு விளங்கும்" என்றார் அப்பா. தோலை அவர் ஒருபோதும் தைத்ததில்லை. ஆனால் எந்த உடுப்பைக் கண்டாலும் அதைப் பிரித்துத் துண்டுகளாகவே அவர் கண் பார்க்கும்.

படம் 1984இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1983 ஜூலை 26 பிற்பகலில், கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. எங்கள் கடையும் எரிந்தது. அப்பா வீடு வந்து சேர்ந்தபோது கழுத்தில் அளவுநாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வந்தார் என்று சொல்ல முடியாது, கழற்ற மறந்திருந்தார். பின்னர் யாழ்ப்பாணம் சென்றோம். 1985இல் நான் இலண்டன் வந்தேன். அப்பா வரவில்லை. அவர் மறைந்தபின் அந்த நாடா எனக்கு வந்தது.

சட்டை வந்து சேர்ந்ததும் அந்த நாடாவால்தான் அளந்தேன். மார்பு 42 அங்குலம், சரி. கைகள் ஒன்றரை அங்குலம் நீளம். திருப்பி அனுப்பியிருக்கலாம். தையற்காரன் மகனுக்கு அது மானக்கேடாகப் பட்டது. நானே குறுக்குவது என்று துணிந்தேன்.

தோலைத் தைப்பது துணியைத் தைப்பதன்று. முக்கோண முனையுள்ள ஊசி வேண்டும். அது நாரை விலக்காமல் அறுத்துக்கொண்டு போகும். தையலின் நீளம் மூன்று, நான்கு மில்லிமீற்றர் இருக்க வேண்டும். நெருக்கித் தைத்தால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் முத்திரைத்தாள்போற் கிழியும். குண்டூசி குத்தலாகாது, கவ்விகளாற் பிடிக்க வேண்டும். மடிப்பைச் சூட்டுப்பெட்டியால் அழுத்துவதற்குப் பதிலாகப் பசை தடவி, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி அமர்த்த வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. துணியில் தையலைப் பிரித்தால் இழைகள் மெல்ல நகர்ந்து துளையை மூடிக்கொள்ளும். தோலில் இழை இல்லை. குத்திய துளை குத்தியதுதான்.

இதையெல்லாம் படித்திருந்தும் கை பழைய வழக்கப்படியே சென்றது. அப்பா எந்த உடுப்பையும் முதலில் நூலோட்டிப் பார்ப்பார். நானும் வலக்கையின் ஓரத்தை மடித்து, நூலோட்டி, அணிந்து பார்த்தேன். கால் அங்குலம் பிழைத்திருந்தது. நூலை உருவினேன். மணிக்கட்டைச் சுற்றி வரிசையாகத் துளைகள் நின்றன. பிறகு உட்துணியைப் பிரித்து, அளந்து வெட்டி, ஒட்டி, தட்டி, இரு கைகளையும் ஒழுங்காகவே முடித்தேன். இடக்கை குற்றமற்றது. வலக்கையில் அந்தத் துளைவரிசை இன்றும் இருக்கிறது.

அடுத்தது பழமையாக்கல். நகற்சட்டை வாங்குவோர் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். மதுசாரத்தால் மேற்பூச்சைக் கரைப்பது, முழங்கையையும் பைகளின் ஓரத்தையும் அரத்தாளால் தேய்ப்பது, நனைத்துக் கசக்கி உடம்பிலேயே உலரவிடுவது எனப் பல முறைகள் உண்டு. துளைகளை மறைக்கவும் அது உதவும் என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அரத்தாளை எடுத்து இடது முழங்கையைத் தேய்க்கத் தொடங்கினேன். நிறம் வெளுத்தது, உண்மையிலேயே அழகாக இருந்தது. பத்து நிமிடங்களில் இருபது ஆண்டு உழைப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் என் கை நின்றது. நிறுத்தியது ஒரு பெண்ணின் குரல். அந்தக் குரலை உங்களிற் சிலரும் இதே மண்டபத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

நம் வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டு. கவியரங்கில் நான் ஒரு கவிதை வாசித்தேன். பதுங்குகுழிக்குள் ஓர் இரவு. வெளியே கார்த்திகை மழை. உள்ளே கைவிளக்கின் ஒளியில் தந்தை மகனுக்குக் கதை சொல்கிறார். 'நான்' என்று தன்மையிலேயே எழுதியிருந்தேன். நல்ல கரவொலி கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் வன்னியிலிருந்து அண்மையில் வந்திருந்த ஒரு சகோதரி என்னிடம் வந்தார். "அண்ணா, மழைக்கு எங்கடை பங்கருக்குள்ளை முழங்காலளவு தண்ணி நிக்கும். உங்கடைக்குத் தண்ணி வராமல் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அறிய வேண்டும் என்றே கேட்டார். ஏதோ ஒரு வழி இருந்திருக்கிறது, அது தமக்குத் தெரியாமற் போய்விட்டதே என்ற ஏக்கம் அவர் முகத்தில் இருந்தது. நான் பதுங்குகுழிக்குள் ஒருநாளும் இருந்ததில்லை. 1985இலேயே புறப்பட்டுவிட்டேன். "அது மேட்டு நிலம்" என்று ஒரு பொய் சொல்லி நகர்ந்தேன். அவர் அதன்பின் நம் கூட்டங்களுக்கு அதிகம் வரவில்லை. காரணம் நான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் துணிவில்லை. இன்றுவரை இதை எவரிடமும் கூறியதில்லை.

அன்பர்களே, பட்டறியாததைப் பாடலாகாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் அகத்திணை முழுவதையும் மூடிவைக்க வேண்டிவரும். தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்று ஆண்பாற் புலவர்கள் பாடினார்கள். ஆனால் அங்கே அது ஒருவரின் கூற்று என்பது பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் தெரியும். தலைவி கூற்றைக் கேட்டுவிட்டு எவரும் புலவரிடம் சென்று, உம் தலைவன் திரும்பி வந்தானா என்று கேட்பதில்லை. நாடூல்மன் கத்தியால் சுரண்டியதும் அத்தகையதே. திரையில் வருபவன் நடிகன் என்பதை அறிந்தே நாம் அமர்ந்திருக்கிறோம். அந்த உடன்பாட்டுக்குள் அவர் கைவேலை நேர்மையானது. நான் செய்தது வேறு. பிறருடைய உழைப்பின் தேய்மானத்தை என் முழங்கையில் தேய்த்துக்கொண்டு, அது என்னுடையது என்று நம்பவிட்டேன். அதைவிட, எனக்கென்று இருந்த ஒன்றை எழுதாமல் விட்டேன். கழுத்தில் அளவுநாடாவோடு வாசலில் நின்ற மனிதரைப் பற்றி நான் நாற்பது ஆண்டுகளில் ஒரு வரிகூட எழுதவில்லை. குண்டும் குழியும் இருக்கும் கவிதைகளின் நடுவே ஓர் அளவுநாடா எடுபடாது என்று நினைத்தேன்.

நம் மலரின் பத்தாண்டுக் கவிதைகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடமும் ஒரு பகுதி தரப்பட்டிருந்தது. அந்தப் பதுங்குகுழிக் கவிதையை நீக்கிவிடவே முதலில் எண்ணினேன். நீக்கினால் துளையை மறைத்ததாகும். ஆகவே அது மலரில் இருக்கிறது. தலைப்பின் கீழே, இதை எழுதியவர் பதுங்குகுழி கண்டவரல்லர் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மழைநீரைப் பற்றிய அந்தச் சகோதரியின் கேள்வியையும் அவர் பெயரின்றி, அவர் இசைவு பெற்று, அடியில் அச்சிட்டிருக்கிறோம். இசைவு கேட்கத் தொலைபேசியில் அழைத்தபோது, மேட்டு நிலம் என்று நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "அப்ப ஒருத்தருக்கும் வழி தெரிஞ்சிருக்கேல்லை, என்ன?" என்றார்.

சட்டையை இன்று அணிந்து வந்திருக்கிறேன். இடது முழங்கையில் மட்டும் அரத்தாள் தேய்த்த வெளுப்பு இருக்கிறது. மற்ற இடங்கள் புதிதாகவே பளபளக்கின்றன. இனித் தேய்வது தானாகத் தேயட்டும். வலக்கையில் உள்ள துளைகளை அருகில் வந்து பார்க்க விரும்புவோர் தேநீர் இடைவேளையில் பார்க்கலாம். தையற்கலை அறிந்தவர்கள் குறை சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.