காலை ஒன்பது மணிக்கு ஒரு கேலி

(தூய ஆவியார் பெருவிழா காலையில் வானொலியில் வழங்கிய மறையுரை)



இன்று திருப்பலியில் திருத்தூதர் பணிகள் நூலின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து வாசகம் கேட்கிறோம். பெருங்காற்று, நெருப்பு நாவுகள், பல மொழிப் பேச்சு. வாசகம் பதினோராம் வசனத்தோடு நின்றுவிடும். வீட்டுக்குப் போனதும் இன்னும் நான்கு வசனம் சேர்த்து வாசியுங்கள். கூட்டத்தில் சிலர், இவர்கள் நன்றாகக் குடித்திருக்கிறார்கள் என்று கேலி செய்கிறார்கள். பேதுரு எழுந்து சொல்லும் முதல் பதில், இப்போது காலை ஒன்பது மணிதானே ஆகிறது என்பது. திருச்சபையின் முதல் மறையுரை அப்படித்தான் தொடங்குகிறது. இன்றைக்கு நம் ஊரில் அந்த வாதம் எடுபடாது என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

கேலி செய்தவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. தெய்வம் இறங்கியவரும் மது ஏறியவரும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதைப் பழைய உலகம் நன்கு அறிந்திருந்தது. நம் மொழியிலேயே பாருங்கள். 'வெறி' என்றால் இன்று குடிவெறி, சாதிவெறி. பழந்தமிழில் அதே சொல்லுக்கு மணம் என்றும் பொருள், கள் என்றும் பொருள், முருகன் பெயரால் வேலன் ஆடும் ஆட்டம் என்றும் பொருள்.

சங்கப் பாடல்களில் அந்த வெறியாட்டு அடிக்கடி வருகிறது. குறிஞ்சி நிலத்தில் ஒரு பெண் வாடிப்போகிறாள். உணவு இறங்கவில்லை, கைவளை கழலுகிறது. தாய்க்குப் பயம். கட்டுவிச்சி நெல்லை எண்ணிக் குறி சொல்கிறாள். வேலன் கழங்கு போட்டுப் பார்க்கிறான். முருகு அணங்கியது என்று முடிவாகிறது. களம் அமைத்து, மாலை சூட்டி, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, இரத்தம் கலந்த தினையைத் தூவி, இரவெல்லாம் பறை முழங்க வேலன் ஆடுகிறான். இதைப் பாடியதாலேயே ஒரு பெண் புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர். மலைமக்கள் நெடிய மூங்கிலில் முதிர்ந்த தேன்கள் அருந்திச் சுற்றத்தோடு குரவை ஆடியதைத் திருமுருகாற்றுப்படையும் சொல்கிறது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஆட்டம் அல்ல, அதைப் பாடியவர்களின் பார்வை. அந்தப் பெண்ணின் நோய் காதல். அவளுக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும். தோழி முருகனையே பார்த்து, இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் இங்கே வந்து நிற்கிறாயே என்று கடிந்துகொள்ளும் பாடல் நற்றிணையில் உண்டு. களம் போட்டார்கள், ஆடு அறுத்தார்கள், விடிய விடிய ஆடினார்கள். உனக்கு என்னம்மா செய்கிறது என்று அவளிடம் உட்கார்ந்து கேட்கத்தான் யாரும் இல்லை.

இது தமிழரிடம் மட்டும் இருந்ததில்லை. ரிக்வேதத்தின் ஒன்பதாம் மண்டலம், 114 பாடல்களும், கல்லில் நசுக்கிக் கம்பளியில் வடிகட்டிய சோமச்சாற்றைப் பற்றியவை. அது எந்தச் செடி என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். உரோமையில் மது தெய்வமான பாக்கசின் இரவு வழிபாடுகள் கட்டுமீறியபோது, கி.மு. 186இல் ஆட்சி மன்றம் அவற்றுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. அந்த ஆணை பொறித்த வெண்கலத் தகடு இன்றும் வியன்னாவில் இருக்கிறது.

நம் விவிலிய மண்ணையும் விட்டுவிடக் கூடாது. யூதாவின் தெற்கே ஆராது என்னுமிடத்தில் கி.மு. எட்டாம் நூற்றாண்டுக் கோவில் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அதன் தூபபீடங்கள் இரண்டில் படிந்திருந்த கரியைச் சோதித்த முடிவு 2020இல் வெளியானது. பெரிய பீடத்தில் சாம்பிராணி. சின்னதில் கஞ்சா, சாணத்தோடு கலந்து எரித்தது. யாவே ஆண்டவருக்கென்று கட்டிய கோவில் அது!

இதைக் கேட்டபின் லேவியர் நூல் பத்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆரோனின் மக்கள் நாதாபும் அபிகூவும் ஆண்டவர் கட்டளையிடாத நெருப்பைத் தூபகலசத்தில் கொண்டுபோய் மடிகிறார்கள். அடுத்து உடனே வரும் கட்டளை, குருக்கள் மது அருந்திவிட்டுச் சந்திப்புக் கூடாரத்துக்குள் நுழையக் கூடாது என்பது. தூயதையும் தூய்மையற்றதையும் பகுத்தறிந்து மக்களுக்குக் கற்பிக்க வேண்டியவர்களுக்குத் தெளிந்த தலை வேண்டும் என்பதே அங்கு சொல்லப்படும் காரணம்.

புனித பவுலுக்குக் கொரிந்தில் இதே தலைவலி. அவருக்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து அங்கே போன பவுசானியாஸ் என்ற பயணி, பொன் போர்த்தி முகத்துக்கு மட்டும் செந்நிறம் பூசிய மது தெய்வத்தின் மரச்சிலைகளைச் சந்தைவெளியில் கண்டு எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் ஆவியால் பேசுகிறோம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால், வெளியிலிருந்து வருகிறவர் உங்களைப் பித்தர் என்பாரே என்கிறார் பவுல். இறைவாக்கினரின் ஆவி அவருக்குக் கட்டுப்பட்டது என்கிறார். ஆவியார் வந்தால் நான் நானாக இருக்க மாட்டேன் என்ற சாக்குக்கு அவர் இடமே தரவில்லை. ஆண்டவரின் திருவிருந்தில் ஒருவர் பசியோடு இருக்க மற்றவர் வெறிகொள்ளக் குடிப்பதைக் கண்டுதான் அவருக்கு மிகுந்த கோபம் வருகிறது.

அன்புக்குரியவர்களே, ராயகிரி, சிவகிரி, சங்கரன்கோவில் பக்கமெல்லாம் மாடன், அம்மன் கோவில்களில் கொடை நடக்கும். அங்கே சாமியாடுகிறவரைக் கேலி பேசும் உரிமை நமக்கு இல்லை. எத்தனையோ பேர் நாள்கணக்கில் விரதமிருந்து, பயபக்தியோடுதான் களத்துக்கு வருகிறார்கள். நம்மைப் பார்ப்போம். சப்பரத்துக்கு முன்னால் கொட்டுக்கு ஆடுகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தெளிவோடு ஆடுகிறார்கள்? அன்று மலையில் ஊரே கூடி அருந்தியது. இன்று ஒருவன் தனியே பாட்டிலோடு ஒதுங்குகிறான். அதில் குரவையும் இல்லை, தெய்வமும் இல்லை. மறுநாள் அரிசி வாங்கக் காசும் இல்லை.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியிலிருந்து மீள விரும்பியவர்களின் ஏ.ஏ. குழு தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான பில் வில்சனுக்கு மனநல அறிஞர் யுங் 1961இல் ஒரு கடிதம் எழுதினார். குடிப்பவனின் தாகம் அடியில் கடவுளுக்கான தாகமே என்பது அவர் கருத்து. இலத்தீனில் ஆவிக்கும் சாராயத்துக்கும் 'ஸ்பிரிட்டுஸ்' என்று ஒரே சொல் இருப்பதையும் காட்டினார். நம் ஊரில் ஸ்பிரிட் என்றால் எது என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் குழுவில் வேலனும் இல்லை, பறையும் இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கிறார்கள்.

குடிக்கிற கணவரைத் தியானக் கூட்டத்துக்கு இழுத்துப் போய், பேயை ஓட்டுங்கள் சாமி என்று முன்னே தள்ளுகிற சகோதரிகளே, உங்கள் கண்ணீர் எனக்குப் புரிகிறது. செபிப்போம். மருத்துவரிடமும் கூட்டிப்போவோம். ஆனால் அவரிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா?

சீலோ ஆலயத்தில் அன்னா அழுதுகொண்டிருந்தார். உதடு அசைகிறது, குரல் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைத்து, எவ்வளவு நேரம்தான் போதையில் இருப்பாய் என்று கடிந்தார் குரு ஏலி. இல்லை ஐயா, மனம் நொந்துபோய் ஆண்டவரிடம் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார் அவர். ஏலி அதைக் கேட்டார், கேட்டபின் ஆசி கொடுத்து அனுப்பினார். அன்னா போய்ச் சாப்பிட்டார். அவருடைய முகம் அதன்பின் வாடியிருக்கவில்லை.