அக்கம்பக்கமே பள்ளிக்கூடம்



நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். கற்க வேண்டிய படிப்பு இன்னொன்றும் உண்டு. நான்கு பேரோடு சேர்ந்து வாழும் படிப்பு அது. அதற்குக் குடிமைக் கல்வி என்று பெயர். தாராவி மக்கள் அதைப் பெரும் துன்பத்தில் கற்றார்கள்.

1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. உடனே பம்பாயில் கலவரம் மூண்டது. 1993 ஜனவரியில் மீண்டும் மூண்டது. சுமார் 900 பேர் மாண்டார்கள். தாராவியும் தப்பவில்லை. பக்கத்து வீட்டாரைக் கண்டே மக்கள் பயந்தார்கள்.

கலவரம் ஓய்ந்தது. பயம் ஓயவில்லை. அப்போதுதான் மொஹல்லா கமிட்டிகள் தோன்றின. மொஹல்லா என்றால் நாம் குடியிருக்கும் வட்டாரம். முன்னாள் போலீஸ் கமிஷனர் ஜூலியோ ரிபைரோ போன்றோர் இதற்குத் துணை நின்றார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். போலீசாரும் உடன் உட்கார்ந்தார்கள். வதந்தி வந்தால் விசாரித்தார்கள். சின்னச் சண்டையைப் பேசித் தீர்த்தார்கள்.

தாராவியில் இந்த வேலையைச் செய்தவர்களில் இருவர் வகார் கானும் பாவ் கோர்டேயும். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. இருவரும் நண்பர்கள். வகார் கான் ஒரு சுவரொட்டி போட்டார். அதில் நான்கு சிறுவர்கள் நான்கு மதப் பெரியவர்களைப் போல வேடமிட்டு நின்றார்கள். நாம் எல்லோரும் ஒன்று என்பதே அதன் செய்தி. படிக்கத் தெரியாதவருக்கும் அது புரிந்தது. இந்த இருவரின் நட்பைப் பற்றி 2003-இல் 'நாத்தா' என்ற ஆவணப்படம் வந்தது.

நமது அரசியல் சட்டமும் இதையே சொல்கிறது. அது 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற நான்கு சொற்கள் அதன் முகப்பில் உள்ளன. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர். அவருடைய வீடு மாட்டுங்காவை அடுத்த தாதரில்தான் இருக்கிறது. சகோதரத்துவம் இல்லையென்றால் சுதந்திரமும் சமத்துவமும் வெறும் மேல்பூச்சுதான் என்று அவர் 1949-இல் எச்சரித்தார்.

கட்சி வேறாக இருக்கலாம். போடும் ஓட்டும் வேறாக இருக்கலாம். ஓட்டு வேறானால் பகை வேண்டுமா? தேர்தல் முடிந்த மறுநாளும் அதே குழாயடியில்தானே நிற்க வேண்டும்?

இன்று வதந்தி செல்போனில் வருகிறது. அடுத்தவருக்கு அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்.

யார் பார்த்தது?

எங்கே நடந்தது?

எப்போது நடந்தது?

பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். படிக்கத் தெரிந்த கைக்கு இந்தப் பொறுப்பும் உண்டு. ஓர் உயிர் அதனால் பிழைக்கலாம்.